மரத்திற்கு ஒளியூட்டிய அரக்கு: பினாங்கில் பிரெஞ்சு பாலிஷ் கண்ட வரலாறு

தைப்பூசத்திற்கு முதல் நாள் அதிகாலையில் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும் காட்சியைக் கண்டிராத பினாங்குத் தமிழர் இலர் என்றே கூறலாம். 1894ஆம் ஆண்டு தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த அவ்விரதத்தின் வெள்ளித் தகட்டை நாம் கண்குளிரக் காண்கிறோம். அத்தகட்டைத் தாங்கி நிற்கும் மரத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

கோயிலில் மரம் மூன்று கோலங்களில் விளங்குகிறது. இரதத்தைப் போல உலோகத் தகடு போர்த்தது ஒன்று. மயில், சிங்கம், குதிரை முதலிய வாகனங்களைப் போல வண்ணம் தீட்டப்பெற்றது மற்றொன்று. மூன்றாவது, தன் இயற்கை நிறமும் ரேகையும் தெரியும்படி மேலே கண்ணாடி போன்ற ஒளி மட்டும் ஏற்றப்பெற்றது. நிருவாகக் குழுவின் பழைய நீள மேசை, நூல்கள் அடுக்கிய அலமாரி, முன்னாள் தலைவர்கள் அமர்ந்த கைப்பிடி நாற்காலி, பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டி ஆகியவை பெரும்பாலும் இம்மூன்றாம் வகையைச் சார்ந்தவை. இவ்வொளியைத் தந்த கலைக்குப் பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர். அதன் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், இதில் அடியேன் செய்த பிழை ஒன்றை ஒளிக்காமல் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பெயர் பிரெஞ்சு, பொருள் நமது

பெயரைக் கேட்டதும் இது மேனாட்டார் நமக்குத் தந்த பொருள் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பிரெஞ்சு பாலிஷுக்கு மூலப்பொருள் அரக்கு. மகாபாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு அரக்கு புதிய சொல் அன்று. பாண்டவரை எரித்துக் கொல்லும் பொருட்டுத் துரியோதனன் ஏவலால் புரோசனன் வாரணாவதத்தில் சமைத்த அரக்கு மாளிகையை யார் அறியார்! வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் இந்நிகழ்ச்சியை வாரணாவதச் சருக்கத்தில் பாடியுள்ளார். அரக்கு எளிதில் உருகும், விரைந்து தீப்பற்றும், பூசிய சுவருக்கு அழகிய மினுமினுப்பைத் தரும் என்பனவற்றை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பெரிபுளூசு என்னும் கிரேக்க மொழிக் கடற்பயண நூல், இந்தியாவிலிருந்து செங்கடல் துறைமுகங்களுக்குச் சென்ற சரக்குகளுள் அரக்குச் சாயத்தையும் குறிப்பிடுகிறது. ஆகவே அரக்கு கடல் கடந்து வாணிகம் செய்யப்பெற்றது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே என்று கொள்ளலாம்.

அரக்கு மரத்தின் பிசின் அன்று. மிகச் சிறிய பூச்சியினம் ஒன்று மரக்கிளைகளில் கூட்டங்கூட்டமாகத் தங்கி, சாற்றை உறிஞ்சி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் உடலிலிருந்து சுரக்கும் பிசினே அரக்கு. ஹோமத்தில் சமித்தாக இடப்பெறும் புரசு, நாம் உண்ணும் இலந்தை, பூவம் ஆகிய மரங்களில் இப்பூச்சி நன்கு வளர்கிறது. இந்தியாவில் சோட்டா நாகபுரி மேட்டுநிலமும் அதனைச் சூழ்ந்த காடுகளும் அரக்குக்குப் பெயர் பெற்றவை. பர்மாவிலும் சயாமிலும் அரக்கு விளைந்தது. இராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் 1924ஆம் ஆண்டிலேயே அரக்குக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தோற்றுவிக்கப்பெற்றது.

கொம்பரக்கு அவலரக்கு ஆன விதம்

கிளையோடு ஒட்டியவாறு வெட்டி எடுக்கப்படும் அரக்குக்குக் கொம்பரக்கு என்று பெயர். அதனைச் சுரண்டி, இடித்து, நீரில் அலசினால் செஞ்சாயம் பிரிந்துவிடும். எஞ்சிய மணிகளை நீண்டு குறுகிய துணிப்பையில் அடைத்து, கரி நெருப்பின் முன் பிடித்து முறுக்குவர். உருகிய அரக்கு துணியின் நெய்வு வழியே கசியும். அதனை வழித்து உருளையின் மேல் பரப்பி, சூடு ஆறுவதற்குள் ஒரு தொழிலாளி எடுத்து, இரு கைகளாலும் இரு கால்களாலும் பல்லாலும் பற்றி இழுத்து, மெல்லிய தாள் போல் விரிப்பார். ஆறியபின் உடைத்தால் அவல் போன்ற செதில்கள் கிடைக்கும். எனவே தமிழில் இதற்கு அவலரக்கு என்ற அழகிய பெயர் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் ஷெல்லாக் என்பதும் இதுவே. வட இந்தியாவில் மிர்சாப்பூர் நகரம் இத்தொழிலுக்கு நெடுங்காலம் நடுவிடமாக விளங்கிற்று.

முதலில் வணிகர்கள் விரும்பியது அரக்கின் சாயத்தையே. கிழக்கிந்தியக் கம்பெனியார் அச்சாயத்தை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தனர். 1856ஆம் ஆண்டு செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பெற்ற பின்னர் அவ்வாணிகம் படிப்படியாக வீழ்ந்தது. ஆனால் கழிவு போல் எஞ்சிய பிசினுக்கு அதற்குள் பெருமதிப்பு ஏற்பட்டிருந்தது. அம்மதிப்புக்கு முதற்காரணம் மரத்திற்கு ஏற்றிய மெருகேயாகும்.

மேனாட்டில் பெற்ற புதுப்பெயர்

அரக்கைக் கடைசல் மரத்தின் மேல் உருக்கி ஏற்றும் வழக்கம் இந்தியாவில் மிகப் பழையது. கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அது உருகிப் படியும். நம் பாட்டிமார் விளையாடிய செப்புச் சாமான்களும், குழந்தைகள் பழகிய நடைவண்டிகளும், தொட்டில் கால்களும் இவ்வாறே நிறமும் பளபளப்பும் பெற்றன. உருண்டையான பொருளுக்கு இம்முறை பொருந்தும். அகன்ற மேசைப் பலகைக்குப் பொருந்தாது.

அக்குறையை நீக்கும் வழி ஐரோப்பாவில் தோன்றியது. அரக்கு நீரில் கரையாது, சாராயச் சத்தாகிய ஸ்பிரிட்டில் கரையும். அக்கரைசலைத் தூரிகையால் பூசுவது முன்னரே இருந்த வழக்கம். தூரிகையை விடுத்துத் துணிப்பொதியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் முறை பிரான்சில் வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியன் போர்கள் முடிவுற்ற காலத்தை ஒட்டி, இங்கிலாந்தில் பரவிற்று. ஆங்கிலேயர் அதனைப் பிரெஞ்சு பாலிஷ் என்றனர். விக்டோரியா மகாராணி காலத்தில் வசதி படைத்த இல்லங்களின் உயர்தர மரப் பொருள்களுக்கு இதுவே விருப்பமான மெருகாயிற்று.

இவ்வாறு நம் காடுகளில் விளைந்த பொருள் மேனாடு சென்று, புதிய செய்முறையும் புதிய பெயரும் பெற்று, ஆங்கிலேயரின் மேசை நாற்காலிகளோடு மீண்டும் கிழக்கு நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. பிறந்த வீட்டுப் பெண் புகுந்த வீட்டுப் பெயரோடு திரும்பி வந்ததைப் போன்றது இது.

பினாங்கில் இரு அரக்குகள்

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றிய நாள் முதல் இத்தீவு பல நாட்டுச் சரக்குகள் கூடும் துறைமுகமாயிற்று. பர்மாவின் தேக்கு, தமிழகத்தின் துணி, சீனத்தின் பட்டும் பீங்கானும் இங்கு வந்து கைமாறின. நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கு வீதியில் கிட்டங்கிகளை அமைத்து வட்டித்தொழில் நடத்தினர். தண்ணீர்மலைச் சாலையில் அவர்கள் எழுப்பிய முருகன் கோயிலுக்கு 1857ஆம் ஆண்டு குடமுழுக்கு நடைபெற்றது. கிட்டங்கியில் வரிசையாக அமைந்த ஒவ்வொரு பெட்டியடியிலும் சாய்ந்த மூடியுடைய மரப்பெட்டி ஒன்று இருக்கும். தரையில் அமர்ந்து அதன் மேல் கணக்கெழுதுவர். பேரேடும் பணமும் முத்திரையும் அதனுள் இருக்கும். இரவில் அதன் அருகிலேயே பாய் விரித்துப் படுப்பர்.

மரவேலையில் கான்டனியச் சீனத் தச்சர்கள் பினாங்கில் சிறந்து விளங்கினர். நமக்கு விசுவகர்மா எவ்வாறோ அவ்வாறே அவர்களுக்கு லூ பான் தொழில் தெய்வமாவார். லவ் லேனில் இன்றும் நிற்கும் லூ பான் ஹோங், அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் அமைத்த தச்சர் சங்கமும் கோயிலும் ஆகும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் நலம். சீனர்களின் வழிபாட்டு மேசைகளில் காணும் செந்நிறப் பூச்சையும் நாம் அரக்கு வேலை என்றே அழைக்கிறோம். ஆனால் சீனரின் மரபுவழிப் பூச்சு பூச்சியின் பிசின் அன்று, ஒருவகை மரத்தின் பால். அது காற்றின் ஈரத்தை ஏற்றே இறுகும். இறுகிய பின் ஸ்பிரிட்டில் கரையாது. நமது அரக்கோ ஈரத்திற்கு அஞ்சும். உலர்வதற்கு முன் ஈரக்காற்றுப் பட்டால் வெண்புகை போல் மங்கிவிடும். ஸ்பிரிட் பட்டால் எத்தனை ஆண்டுகளானாலும் மீண்டும் இளகும். ஒன்றுக்குப் பகையானது மற்றொன்றுக்கு நட்பு. இவ்விரண்டும் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தது பினாங்கின் தனிச்சிறப்பு எனலாம்.

மெருகேற்றும் முறை

முதலில் மரத்தை உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்ப்பர். தேக்கின் நுண்துளைகளைச் சுண்ணப்பொடியும் காவியும் கலந்த குழம்பால் அடைப்பர். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கிராம் அவலரக்கு இட்டு, கண்ணாடிக் குப்பியில் ஓரிரவு ஊறவிடுவர். இரும்புப் பாத்திரம் ஆகாது, கரைசல் கறுத்துவிடும். நெடுநாள் வைத்திருந்த கரைசலும் ஆகாது, பூசினால் சரிவர உலராமல் ஒட்டும்.

பஞ்சை உருட்டி, பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணியில் சுற்றிப் பொதியாக்குவர். கரைசலைப் பஞ்சில் ஊற்றிப் பிழிந்து, துணியின் முகத்தில் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் தொட்டு, மரத்தின் மேல் சிறு வட்டங்களாகவும் பின்னர் எட்டு என்னும் இலக்க வடிவிலும் தேய்ப்பர். எண்ணெய், பொதி ஒட்டாமல் வழுக்கிச் செல்வதற்கே. கை ஓரிடத்தில் ஒரு நொடி நின்றாலும் அடியில் உள்ள அரக்கு இளகிப் பொதியோடு ஒட்டிக்கொள்ளும், அவ்விடம் வடுப்படும். எனவே கை ஓடிக்கொண்டே மரத்தைத் தொடவேண்டும், ஓடிக்கொண்டே விலகவேண்டும்.

ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் படிவது காகிதத்தினும் மெல்லிய படலம். சில நாள் இடைவெளி விட்டு விட்டு மீண்டும் மீண்டும் ஏற்றுவர். இறுதியில் வெறும் ஸ்பிரிட் தொட்ட பொதியால் மெல்லத் துடைத்து எண்ணெயை நீக்கினால், மரத்தின் ரேகை நீருக்கு அடியில் தெரியும் கூழாங்கல் போல் விளங்கும். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் பினாங்கில் இவ்வேலைக்கு வானத்தின் அனுமதியும் தேவை. மழை இருட்டும் பிற்பகலில் அறிந்த கைவினைஞர் பொதியைத் தொடமாட்டார்.

இம்மெருகின் உயிர்நிலை ஒன்றுண்டு. புதிதாக ஏற்றும் படலம் பழைய படலத்தைச் சற்றே இளக்கி அதனோடு இரண்டறக் கலக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஏற்றிய மெருகின் மேல் இன்று மற்றொருவர் கைவைத்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். கொதிக்கும் கோப்பிக் கோப்பை வைத்து வெண்வட்டம் விழுந்தால், ஸ்பிரிட் சிறிதே தொட்ட பொதியால் தேர்ந்த கை ஒன்று அதனைப் போக்கிவிடும். சூட்டுக்கும் நீருக்கும் சோப்புக்கும் இம்மெருகு எளிதில் இடங்கொடுக்கும். ஆயினும் கெட்டதைச் செப்பனிடவும் அதுவே வழி வைத்திருக்கிறது.

மெருகு மங்கிய காலம்

1920களில் தெளிப்பான் கொண்டு அடிக்கும் செல்லுலோஸ் பூச்சு ஆலைகளில் இடம்பெற்றது. பல நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. அரக்கு வேறு துறைகளில் சில காலம் தாக்குப்பிடித்தது. பழைய கிராமபோன் இசைத்தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. போர்க்காலத் தேவை கருதி 1942ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இசைத்தட்டுக்குரிய அரக்கைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அதன் மதிப்பு உயர்ந்திருந்தது. பின்னர் வினைல் தட்டுகள் வந்தன. மரவேலையில் பாலியூரித்தேன் வந்தது. இன்று மாத்திரைகளின் மேற்பூச்சிலும் மிட்டாய்களின் பளபளப்பிலும் அரக்கு மறைந்து வாழ்கிறது. கித்தார் செய்யும் நுண்கலைஞருள் சிலர் இன்னும் துணிப்பொதியைக் கைவிடவில்லை.

பினாங்கில் மற்றொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறைந்த அளவில் நிறுத்தி வைத்திருந்தது. அச்சட்டத்தை நீக்க 1997இல் சட்டம் இயற்றப்பெற்று, 1999ஆம் ஆண்டு இறுதியோடு பாதுகாப்பு முடிவடைந்தது. வாடகை உயரவே, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த குடும்பங்களும் சிறு தொழிலாளரும் நகரை விட்டு வெளியேறினர். அடுக்குமாடி வீட்டுக்குள் நுழையாத பழைய அலமாரிகள் கிடைத்த விலைக்குப் போயின. 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் கிட்டியது. கட்டடத்தினுள் இருந்த பெட்டிக்கும் நாற்காலிக்கும் பாதுகாப்பு அவற்றை வைத்திருப்பவர் மனத்தில்தான் உள்ளது.

அடியேன் செய்த பிழை

அம்மனம் எனக்கு இல்லாமற்போன கதையை இனிக் கூறுகிறேன். என் பாட்டனார் பினாங்கு வீதிக் கிட்டங்கி ஒன்றில் எடுபிடி வேலை பார்த்தவர். தொழிலை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய முதலாளி, தாம் பயன்படுத்திய சாய்மூடிப் பெட்டியை அவருக்குக் கொடுத்துச் சென்றார். என் தந்தையார் அதன் மேல் கணக்குப் போட்டார். தமிழ்ப் பள்ளியில் முதலாம் ஆண்டு படித்த நான் அதன் மேல்தான் அகரம் எழுதிப் பழகினேன். மூடியின் உட்புறத்தில் மையால் எழுதிய பிள்ளையார் சுழி ஒன்று மெருகுக்கு அடியில் தெரியும். மணிக்கட்டு படும் இடம் மட்டும் மற்ற இடங்களைவிடக் கறுத்து மின்னும்.

தந்தையார் மறைந்தபின் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. ஒரு தீபாவளிக்கு முன்பு, அதன் பழமையை அழுக்கென்று கருதி, மின்தேய்ப்பான் கொண்டு உள்ளும் புறமும் சுரண்டிவிட்டுப் பாலியூரித்தேன் பூசினேன். விருந்தினர் பாராட்டினர். சில ஆண்டுகளில் சன்னல் வெயில் பட்ட பக்கம் மஞ்சளித்துத் தோல் உரிவது போல் உரிந்தது. செப்பனிட முடியுமா என்று முதிய சீனத் தச்சர் ஒருவரிடம் கேட்டேன். அவர் மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார். பழைய மெருகை விட்டிருந்தால் அரைநாள் வேலைதான் என்றும், இப்பொழுது முழுவதையும் சுரண்டியாக வேண்டும் என்றும் மலாயில் கூறினார். கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே எனக்கு மிகவும் வருத்தமளித்தது.

அவர் பெட்டிக்கு மீண்டும் அரக்கு மெருகு ஏற்றித் தந்தார். ஒளி வந்தது. பிள்ளையார் சுழி வரவில்லை. மூன்று தலைமுறைக் கைகள் ஏற்றிய கருமையும் வரவில்லை. அரசு அலுவலகத்தில் பழைய கோப்புக் கட்டின் மேல் உள்ள அரக்கு முத்திரையை உடைக்கும் முன் இருமுறை எண்ணிப் பார்க்கும் பழக்கமுடைய நான், என் வீட்டு அரக்கை ஒருமுறைகூட எண்ணாமல் உடைத்துவிட்டேன்.

நாம் செய்யத்தக்கது

திருவிழாவுக்கும் குடமுழுக்குக்கும் முன்னர்க் கோயிலைத் தூய்மை செய்வது நமது கடமை. அவ்வேளையில் பழைய மரப்பொருள்களைக் குத்தகையாளரிடம் ஒப்படைக்கும் முன் சிறு சோதனை ஒன்று செய்க. கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுத்தால், மெருகு இளகிப் பிசுபிசுக்குமாயின் அது பெரும்பாலும் அரக்கே. அதனைச் சுரண்ட வேண்டியதில்லை. உள்ள மெருகின் மேலேயே புதுப்பிக்கலாம். இச்சோதனையை விளக்கும் கற்பூரமும் இல்லாத இடத்தில், காற்றோட்டத்தோடு செய்தல் வேண்டும். அரக்கு மாளிகைக் கதை நமக்கு நினைவிருக்கட்டும். அன்றாடம் துடைக்க உலர்ந்த மெல்லிய துணி போதும். சோப்பு நீரும் சுடுநீரும் வேண்டா. பானகச் சொம்பையும் கோப்பிக் கோப்பையையும் வெறும் பலகை மேல் வைக்க வேண்டா.

எல்லாப் பழம்பொருளையும் காத்தல் இயலாது என்பதை அறிவேன். கோயிலுக்கு இடநெருக்கடியும் உண்டு, செலவுக் கணக்கும் உண்டு. ஆயினும் ஒரு நாற்காலியை அகற்றும் முன் அதில் அமர்ந்தவர் யார் என்று மூத்த உறுப்பினர் ஒருவரைக் கேட்டு எழுதி வைப்பதற்குப் பணம் தேவையில்லை. எழுதிய பின்னரும் அகற்ற மனம் வருமாயின் அகற்றுக.

அடுத்த ஆண்டு வெள்ளி இரதம் நம் வாயிலைக் கடக்கையில் வெள்ளியை வணங்குவோம். அதனைத் தாங்கும் மரத்தையும் ஒரு கணம் நினைப்போம். எல்லாம் வல்ல இறைவன் அருளால், நம் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கு நம் முன்னோரின் கைபட்ட மரம் சிலவேனும் எஞ்சுக!